நல்ல பீஸில் கட்டிய நூல்

1

பனியைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்தப் பத்திரிகையில் எழுதிய போன குறிப்பில் எங்கள் தெருத் தபால்காரர் பனியில் சறுக்கி விழுந்ததை எழுதியிருந்தேன் அல்லவா, அதன் பலன். பனி வெள்ளையாக இருக்கும். தொட்டால் கை விறைக்கும். மறுநாள் பஸ்கள் ஓடி ஓடிச் சாக்கடைச் சேறாகிவிடும். அவ்வளவுதான். இனி யாரும் கேட்க வேண்டாம்.

இந்தத் தடவை எனக்குக் கோபமாக இருக்கிறது. எதிர்வீட்டு மார்கரெட் மேல் கோபம். பெற்ற மகள் மேல் கோபம். ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தியின் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் மேல் கோபம். இன்னும் இரண்டு பேர் மேல் இருக்கிறது, அவர்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நாலாவதாக ஒரு கடிதமும் வந்தது. என் தங்கை எழுதியது. நீலநிற ஏர்மெயில் தாளில் இடம் போதாமல் ஓரம் சுற்றி எழுதியிருந்தாள். அம்மாவுக்கு முட்டிவலி, நொய்யலில் தண்ணீர் வந்தது, திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீதிக்குக் குழாய் போட்டார்கள். எல்லாம் முடிந்து, மடித்து ஒட்டுகிற விளிம்பில் பொடி எழுத்தில் இப்படி இருந்தது:

"நம்ம ராசாமணி மகள் உன்னுடைய பழைய பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலை கேட்டுப் போயிருக்கிறாள். யார் மகள் என்று தெரிந்ததும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். குருட்டு ராசாமணி மகளைச் செக்கிங்கில் உட்கார வைத்தால் போன சரக்கெல்லாம் கல்கத்தாவிலிருந்து திரும்பி வந்துவிடும் என்று சிரித்தார்களாம். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே சோமனூர் பஸ் ஏறினாள்."

ராசாமணி என் சிநேகிதி. அவள் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. அவளுக்குக் குருட்டு ராசாமணி என்ற பெயர் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். என்னைத் தவிர இன்னொருவருக்குத் தெரியும். பதினேழு வருஷமாக இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

2

முதலில் இங்கே நடந்ததைச் சொல்கிறேன். தங்கையின் கடிதம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் நடந்தது இது.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் நடுவில் ஒரு பின்னலாடை ஊர். திருப்பூரை எடுத்து, வெயிலைக் கழற்றிவிட்டு, மேலே சாம்பல் நிறத்தில் ஒரு மூடி போட்டால் இந்த ஊர் வந்துவிடும். மிஷின் சத்தம் ஒன்றுதான். என் வீட்டுக்காரர் பின்னல் மிஷின் ஃபிட்டர். மிஷினெல்லாம் எந்த நாட்டிலிருந்து வந்ததோ அந்த நாட்டுக்கே மிஷின் ரிப்பேர் பார்க்க வந்துவிட்டார் என்று ஊரில் பெருமையாகப் பேசினார்கள். இங்கே வந்தபோது எங்கள் மகள் மல்லிகாவுக்கு ஐந்து வயது.

வந்த புதிதில் ஒரு சர்க்கார் ஆபீஸில் பதிவு செய்யப் போனோம். அவருக்கு ஷிப்ட் இருந்ததால் நானும் மல்லிகாவும் மட்டும் போனோம். கம்பிக்குப் பின்னால் இருந்தவர் கணவர் பெயர் என்ன என்று கேட்டார். நான் பேசாமல் நின்றேன். இங்கிலீஷ் தெரியவில்லை என்று நினைத்து மெதுவாகக் கேட்டார். பிறகு சத்தமாகக் கேட்டார். கேள்வி எனக்குப் புரியாமல் இல்லை. அவர் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை, எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் யாரும் சொல்ல மாட்டோம். அவருக்குச் சாமி பெயர் வேறு. சிவன்மலை முருகன் முன்னால் நின்று கும்பிடும்போதுகூட அந்த ஒரு பெயரைத் தவிர்த்துவிட்டு மலையானே என்றுதான் கூப்பிடுவேன். கடைசியில் மல்லிகாதான் எம்பி நின்று கணீரென்று சொன்னாள். அந்த ஆள் அவளுக்கு மிட்டாய் கொடுத்துவிட்டு, பெண்டாட்டிக்குப் புருஷன் பெயர் தெரியாத நாட்டிலிருந்து வந்திருக்கிறாள் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

அடுத்த கேள்வி, தொழில். அதற்கு மட்டும் நான் டக்கென்று பதில் சொன்னேன். "செக்கிங்." எதைச் செக் பண்ணுவாய் என்றார். பனியனுக்குள் இரண்டு கையையும் விட்டு விரித்து வெளிச்சத்துக்குப் பிடிப்பதை வெறுங்கையால் செய்து காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். பத்து வருஷமாக எந்தப் பாரத்திலும் என் தொழில் அந்தக் கோடுதான்.

பிறகு ஒரு ஹோசியரி கம்பெனியில் வேலை கிடைத்தது. செக்கிங் மேஜையில் உட்காருகிறேன் என்றேன். அதற்கு இங்கிலீஷ் வேண்டுமாம், அட்டைப்பெட்டி மடிக்க உட்கார வைத்தார்கள். ஓட்டைக்கு என்ன இங்கிலீஷ் வேண்டிக்கிடக்கிறது? பக்கத்து மேஜையில் ஒரு பெண் பிள்ளை துணியைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பீஸ்களைத் தள்ளிவிடுவாள். அவள் தள்ளிவிட்டதில் ஓட்டை எனக்கு நாலடி தூரத்திலிருந்தே தெரியும். நான் பெட்டி மடிப்பேன்.

3

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை மார்கரெட் வீட்டில் கைவேலைக் கூட்டம் நடக்கும். தெருப் பெண்கள் ஆறு பேர். ஊசியும் கம்பளி நூலுமாக உட்கார்ந்து ஆளுக்கொரு சதுரம் பின்னுவோம். சதுரங்களைச் சேர்த்துப் போர்வையாக்கி ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளுக்குக் கொடுப்பது. வாரம் ஒருத்தி தன் கையால் இனிப்புச் செய்து கொண்டுவர வேண்டும், கடையில் வாங்கக் கூடாது. மார்கரெட் ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுட்டுக் கொண்டுவந்து, மேலே மஞ்சளாகப் பால்கூழ் ஊற்றித் தருவாள். நன்றாகவே இருக்கும், அதில் பொய் சொல்ல மாட்டேன். டோரத்தி என்று எழுபது வயதுக் கிழவி ஒருத்தி உண்டு. நாற்பது வருஷம் சாக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவள். யாரிடமும் அதிகம் பேச மாட்டாள், என் பக்கத்தில்தான் உட்காருவாள்.

மல்லிகாவும் கூட வருவாள். அவளுக்கு இப்போது பதினைந்து. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுகிற வயது. பின்ன மாட்டாள். நான் சொல்லுவதை அவர்களுக்கும் அவர்கள் சொல்லுவதை எனக்கும் எடுத்துச் சொல்ல உட்கார்ந்திருப்பாள். நான் நாலு வாக்கியம் சொன்னால் அவள் அரை வாக்கியம் சொல்லுவாள். மீதி எங்கே போயிற்று என்று கேட்டால், "அவ்வளவுதாம்மா அர்த்தம்" என்பாள்.

போன மாதம் போர்வை முடிந்தது. வெண்மையும் மஞ்சளுமாக முப்பது சதுரம். ஓரம் தைத்துக் கொண்டுவரச் சொல்லி மார்கரெட் என்னிடம் கொடுத்தனுப்பினாள். வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் விரித்தேன். தைக்கத்தான் விரித்தேன். ஆனால் என் கை இருக்கிறதே, அது தானாக அடியில் போய் விரிந்து வெளிச்சத்துக்குத் தூக்கிவிட்டது. பதினொரு இடத்தில் கண்ணி நழுவியிருந்தது. ஒரு கண்ணி நழுவினால் சும்மா இருக்காது. நாள்பட நாள்பட அடுத்த கண்ணியை இழுத்துக்கொண்டு இறங்கும். பச்சைக் குழந்தையின் விரல் அதில் மாட்டினால் என்ன ஆவது?

எங்கள் கம்பெனி வழக்கம் என்னவென்றால், டேமேஜைக் கண்டுபிடித்தால் வாயால் சொல்லக் கூடாது. ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நூலைச் சின்னதாக முடிந்துவிட்டு, பீஸைக் கட்டுக்குள் திருப்பி வைத்துவிட வேண்டும். நெய்தவனோ தைத்தவனோ எடுத்துப் பார்த்துச் சரிசெய்துகொள்வான். நாலு பேர் முன்னால் யாரும் யாரையும் குற்றம் சொன்னதாக இருக்காது. எனக்குத் தெரிந்த பெரிய மரியாதை அதுதான். அதனால் பதினொரு இடத்திலும் சிவப்பு நூல் கட்டினேன். மடித்து எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை போனேன்.

அன்றைக்கு இனிப்பு என் முறை. கச்சாயம் சுட்டிருந்தேன். பச்சரிசியை ஊறவைத்து வெல்லத்தோடு ஆட்டி, ஏலக்காய் தட்டிப் போட்டு, கரண்டியால் எண்ணெயில் ஊற்றி எடுப்பது. வெல்லத்துக்காக இரண்டு பஸ் மாறி ஒரு குஜராத்திக்காரர் கடைக்குப் போய்வந்தேன்.

மார்கரெட் போர்வையை விரித்தாள். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். இப்போது புரிந்துகொள்வார்கள், ஆளுக்கொரு கொக்கி ஊசியை எடுத்துக்கொண்டு உட்காருவார்கள் என்று நான் காத்திருந்தேன்.

"எவ்வளவு அழகு!" என்றாள் மார்கரெட். "இந்தச் சிவப்பு முடிச்செல்லாம் என்ன, மல்லிகா?"

மல்லிகா என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். என் மடியில் உட்கார்ந்து எத்தனை தடவை கேட்ட கதை. ஆனால் அவர்கள் பக்கம் திரும்பி என்னவோ சொன்னாள். ஐந்து பேரும் ஒரே குரலில் ஆஹா என்றார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"என்ன கண்ணு சொன்னே?"

"பொறந்த கொழந்தைக்கு ஆசீர்வாதமா எங்க ஊர்ல கட்டுவாங்கன்னு சொன்னேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் மார்கரெட் போர்வையின் ஒரு மூலையைத் தட்டிக் காட்டினாள். இந்தப் பக்கம் காலியாக இருக்கிறதே, பார்க்க ஒரே சீராக இல்லையே, இங்கேயும் ஒன்று கட்டிவிடேன் என்றாள். சிவப்பு நூலையும் என் கையில் எடுத்துக் கொடுத்தாள்.

அந்த மூலைச் சதுரம் நான் பின்னியது. ஒரு கண்ணி குறையாத நல்ல பீஸ். ஆறு வருஷம் செக்கிங் மேஜையில் இருந்திருக்கிறேன். ஓட்டையைத் தவறவிட்டிருக்கலாம், ஆனால் நல்ல பீஸில் நூல் கட்டியதில்லை. அதைவிடக் கேவலம் எங்கள் வேலையில் கிடையாது. எல்லாரும் சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கட்டினேன். கட்டிவிட்டுக் கச்சாயத் தட்டை நீட்டினேன்.

ஆளுக்கு இரண்டு தின்றார்கள். டோரத்தி மட்டும் தின்னவில்லை. போர்வையின் மேல் குனிந்து ஒரு முடிச்சை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

4

ராயபுரத்திலும் எங்களுக்கு ஒரு கைவேலைக் கூட்டம் இருந்தது. அதற்குப் பெயரெல்லாம் கிடையாது. ஐம்பதுகளில் பனியன் கம்பெனியில் பெண்கள் எங்கே இருந்தார்கள்? மடிக்கவும் டேமேஜ் பார்க்கவும் எங்கள் கம்பெனியில் நான்கு பேர். ஞாயிற்றுக்கிழமை லீவு. சாயங்காலமானால் ராசாமணி வீட்டு முன்னறையில் கூடிவிடுவோம். வெட்டிக் கழித்த பனியன் துண்டுகளை இணைத்துத் தலையணை உறை தைப்போம், பூ வேலை செய்வோம். அவரவர் கல்யாணத்துக்கு அவரவர் சேர்த்துவைப்பது. வாய் ஓயாது. சூப்பர்வைசர் நடப்பதுபோல் ராசாமணி நடந்து காட்டினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவோம். அவள் சுடுகிற கச்சாயம்தான் எனக்குத் தெரிந்த கச்சாயம். இங்கே நான் சுட்டது அவள் பக்குவம்.

இதை நான் உருகி எழுதவில்லை. அந்த அறையில்தான் நான் செய்யக் கூடாததைச் செய்தேன்.

அந்த வருஷம் எனக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை என் அத்தை மகன். எங்கள் கம்பெனியிலேயே ஃபிட்டர். ஒருநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, சாப்பாட்டுத் தூக்குப்போசியை மறந்து வைத்துவிட்டேன் என்று செக்கிங் அறைக்குத் திரும்பினேன். ராசாமணி பார்த்து முடித்து வைத்திருந்த கட்டுக்குப் பக்கத்தில் அவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் சின்னக் கத்திரி. தரையில் சிவப்புச் சிவப்பாக நூல் பிட்டுகள் கிடந்தன.

விஷயம் இதுதான். அவர் மிஷினில் ஊசிகள் போய்விட்டன. வெளிநாட்டு ஊசி, கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தால் முதலாளி மிஷினை நிறுத்தியிருப்பார். இவரோ மிஷின் நன்றாக ஓடுகிறது என்று வாயால் சொல்லிவிட்டார். ராசாமணியின் கட்டு முழுக்கச் சிவப்பாக நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"ஆருகிட்டயும் சொல்லிப்போடாதே சரசு," என்றார். "அடுத்த வாரம் ஊசி வந்துரும். இந்த ஒரு லாட்டு மட்டும் போயிறட்டும்."

நான் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தச் சரக்கு கல்கத்தா போய் மொத்தமாகத் திரும்பியது. பிரித்தால் ஒவ்வொரு பனியனிலும் ஓட்டை. நூல் ஒன்றுகூட இல்லை. கட்டுக்குள் செருகியிருந்த சீட்டில் ராசாமணியின் பெயர். முதலாளி எல்லார் முன்னாலும் ஒரு பனியனை அவள் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்து, "உனக்குக் கண்ணு தெரியுமா தெரியாதா?" என்று கேட்டார். அன்றோடு வேலை போயிற்று. அந்தக் கேள்வியே அவளுக்குப் பெயராகிவிட்டது. ராயபுரத்தில் வேறு எந்தக் கம்பெனியும் அவளை எடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் கூடினோம். என் நிச்சயத்துக்காகக் கச்சாயம் சுடுகிறேன் என்று அவள் முன்னமே சொல்லியிருந்தாள். வேலை போனவள், சொன்ன வாக்குக்குச் சுட்டு வைத்திருந்தாள். எனக்குத் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் கட்டுனேன் சரசு. சாமி சத்தியமா ஒவ்வொண்ணுக்கும் கட்டுனேன். என்ற கையாலதான் கட்டுனேன். நூலு எப்படிப் போச்சுன்னு எனக்கு வெளங்கவே மாட்டீங்குது. நீயாச்சும் நம்பறயா?"

வாயில் கச்சாயம் இருந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னேன், "உடு ராசாமணி. போனது போச்சு."

அவளுக்குத் தன் கைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த மாதம் சோமனூரில் விசைத்தறிக்கு நூல் தார் சுற்றப் போய்விட்டாள். என் கல்யாணத்துக்கு வந்தாள். பூ வேலை செய்த தலையணை உறை இரண்டு கொடுத்தாள். அந்த உறைகள் இந்த வீட்டில் அலமாரியில் இருக்கின்றன. ஒருநாளும் தலைக்கு வைத்ததில்லை.

5

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். மார்கரெட் வீட்டு வாசலைத் தாண்டியதும் மல்லிகாவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் கண்ணு பொய் சொன்னே? அது டேமேஜுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதைப் போயி அவங்க மூஞ்சிக்கு நேரா எப்படீம்மா சொல்றது? அவங்களுக்குப் புடிச்சிருக்கு. நீ பாட்டுக்கு உடும்மா."

உடும்மா. அந்த வார்த்தையைக் கேட்டதும் தெருவிலேயே நின்றுவிட்டேன். அவளை அடிக்கக் கை ஓங்கினேன், அடிக்கவில்லை. யாரிடமிருந்து வந்தது இந்தப் புத்தி என்று கேட்க வாயெடுத்தேன். யாரிடமிருந்து வந்திருக்கும்? இரண்டு பக்கமும் அதேதானே.

வீட்டில் அவர் மீதிக் கச்சாயத்தைத் தின்றுகொண்டிருந்தார். நான் பொரிந்து தள்ளினேன். பத்து வருஷமாக இந்த ஊரில் என் கண்ணுக்கும் கைக்கும் மதிப்பில்லை, இன்றைக்கு முதல்முறையாக என் வேலையைச் செய்து காட்டினேன், அதையும் பொட்டு வைத்த மாதிரி அலங்காரமாக ஆக்கிவிட்டார்கள், ஓட்டைப் போர்வை ஆஸ்பத்திரிக்குப் போகப் போகிறது என்றேன்.

அவர் சிரித்தார். "இதுக்குப் போயி இத்தன வெசனமா? போற அன்னிக்கி நூலையெல்லாம் கத்திரிச்சுப் போட்டாத் தீந்துது."

சொல்லி முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த கச்சாயத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் தங்கையின் கடிதம் வந்தது. விளிம்பில் எழுதியிருந்ததை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"பதினேழு வருசம் ஆச்சு. பழசையெல்லாம் எதுக்குக் கெளர்றே?"

"அது பழசு இல்லீங்க. அந்தப் புள்ள போன வாரம் அழுதுட்டுப் போயிருக்குது."

அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. வந்த முதல் குளிர்காலத்தில் தன் கோட்டைக் கழற்றி எனக்கும் மல்லிகாவுக்கும் போர்த்திவிட்டுச் சட்டையோடு வேலைக்கு நடந்தவர். ஆனால் அவருக்கு மானம் பெரிது. அந்த மானத்தைப் பதினேழு வருஷமாக ராசாமணி சுமக்கிறாள். இப்போது அவள் மகளும் சுமக்கிறாள்.

6

அடுத்த வியாழக்கிழமை மல்லிகா இல்லாமல் போனேன். வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். போர்வை மேஜைமேல் காகிதத்தில் சுற்றித் தயாராக இருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது. நான் காகிதத்தைப் பிரித்தேன். மார்கரெட் ஏதோ சொன்னாள், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போர்வைக்கு அடியில் இரண்டு கையையும் விட்டு விளக்குக்கு நேரே தூக்கினேன். ஒவ்வொரு முடிச்சுக்கும் பக்கத்தில் விரலை விட்டுக் காட்டினேன். விரல் மறுபக்கம் வந்தது. என் இங்கிலீஷில் சொன்னேன்: இது ஆசீர்வாதம் இல்லை. இது ஓட்டை. என் மகள் பொய் சொன்னாள். பதினொரு ஓட்டை. பன்னிரண்டாவது நூலுக்கு ஓட்டை கிடையாது, அது நான் சொன்ன பொய்.

பதினொன்றில் எட்டு, டோரத்தியின் சதுரங்களில் இருந்தன. அது எனக்கு முன்பே தெரியும். நாலு பேர் முன்னால் சொல்லக் கூடாது என்றுதானே நூல் கட்டினேன். இப்போது நாலு பேர் முன்னால்தான் சொல்ல வேண்டியதாகிவிட்டது. மார்கரெட் முகம் சிவந்து, "ஒரு வயதான மனுஷியை இப்படிக் கஷ்டப்படுத்த வேண்டுமா?" என்றாள்.

டோரத்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். போர்வையைத் தன் பக்கம் இழுத்து எட்டையும் தடவிப் பார்த்தாள். "போன வாரமே விரலில் தட்டுப்பட்டது," என்றாள். "குளிர்காலத்திலிருந்தே எனக்குக் கண் சரியில்லை. யாரிடமும் சொல்லவில்லை." பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது, எனக்கு அது நியாயமாகவே பட்டது. "தெரிந்தவள் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்."

கொக்கி ஊசியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் இடத்தைத் தடவிக் காட்டக் காட்ட, எட்டு மணி வரை இரண்டு பேரும் பதினொரு ஓட்டையையும் எடுத்துக் கட்டினோம். முடிந்த இடத்தில் எல்லாம் சிவப்பு நூலை வெட்டி எடுத்தேன். என் மூலைச் சதுரத்தில் இருந்ததைக் கடைசியாக வெட்டினேன். அன்றைக்கு யாரோ செய்துகொண்டுவந்த இனிப்பை யாருமே தொடவில்லை. மார்கரெட் அதற்குப் பிறகு என்னைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய்விடுகிறாள். போகட்டும்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "பத்திரிகைக்கு எழுதப் போறனுங்க. நடந்ததை நடந்தபடி எழுதப் போறேன். தங்கச்சிகிட்டச் சொல்லி கம்பெனியில ஒண்ணு கொடுக்கச் சொல்லுவேன், சோமனூருக்கு ஒண்ணு அனுப்பச் சொல்லுவேன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"எழுது," என்றார். "பேரு மட்டும் போட்டுறாதே. நாளைக்கி ஊருக்குப் போனா சொந்தபந்தம் ஒறம்பரை மூஞ்சியில முழிக்கோணுமல்ல."

அவருக்கு அந்த நம்பிக்கை உண்டு. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை நான் சொன்னதில்லை, எழுதியதும் இல்லை. பாரத்தில் அந்தக் கட்டம் வந்தால் மல்லிகாவிடம் தள்ளிவிடுவேன். இந்தக் குறிப்பிலும் கடைசி இரண்டு வரியை மட்டும் அவளை எழுதச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவளும் பேனாவை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ராயபுரத்தில் இதைப் படிக்கிறவர்களுக்கும், அந்தக் கம்பெனியில் இன்றைக்கு வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். ராசாமணி ஒவ்வொரு ஓட்டைக்கும் நூல் கட்டினாள். அதை வெட்டி எடுத்தவர் அப்போது அங்கே ஃபிட்டராக இருந்த ஆறுமுகம். நான் பார்த்தேன்.

ஆறுமுகத்தின் மனைவி சரஸ்வதி.